இடம்தான் முதல்: சேலத்துத் தள்ளுவண்டிகள் பறிபோகாமல் இருக்க

தட்டுவடை செட்டை எந்தப் பெரிய நிறுவனமும் வண்டிக்காரரிடமிருந்து எளிதில் பிடுங்கிவிட முடியாது. தட்டுவடையில் சிவப்புச் சட்னியும் பச்சைச் சட்னியும் தடவி, துருவிய பீட்ரூட், கேரட், வெங்காயம் வைத்து, இன்னொரு தட்டுவடையால் மூடிய பத்து நிமிடத்தில் அது நமுத்துவிடும். டப்பாவில் அடைத்து பைக்கில் அனுப்பினால் வீட்டுக்குப் போய்ச் சேருவது சட்னியில் ஊறிய மாவு. வண்டிக்கு முன்னால் நின்று தின்றால்தான் அது செட். காய்கறி வண்டிக்கும் இப்படி ஒரு பலம் உண்டு. இருபது ரூபாய்க்கு ஒரு கூறு, அதன் மேல் கொசுறாக ஒரு கொத்துக் கறிவேப்பிலை. செல்போன் செயலியில் கொசுறு கேட்க முடியாது. ‘பத்து ரூபாய்க்குத் தக்காளி போடுங்கக்கா’ என்றும் கேட்க முடியாது.

அப்படியானால் தெரு வியாபாரிகள் எங்கே தோற்கிறார்கள்? பெரும்பாலும் இடத்தில். பல ஊர்களில் நடப்பது ஒரே வரிசைதான். சாலை விரிவாக்கம் அல்லது நடைபாதை சீரமைப்பு என்று அறிவிப்பு வரும். ‘வேலை முடியும்வரை தற்காலிகமாக’ வண்டிகளை எடுக்கச் சொல்வார்கள். ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்து அங்கே டைல்ஸ் பதித்த நடைபாதை இருக்கும், வரிசையாகக் கண்ணாடி போட்ட கடைகள் இருக்கும். அவற்றுக்கு லட்சக்கணக்கில் வைப்புத்தொகை கேட்டு ஏலம் விடுவார்கள். ஏலத்தில் எடுப்பவர் பல ஊர்களில் கிளை வைத்திருக்கும் சங்கிலிக்கடைக்காரராகவோ, அவருக்கு உள்வாடகைக்கு விடுகிறவராகவோ இருப்பார். பழைய வியாபாரி ‘நான் இங்கே இருபது வருஷமா நின்னேன்’ என்றால், ‘அதுக்கு என்ன ஆதாரம்?’ என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் வைத்திருக்கிறவருக்கு மட்டும்தான் பேச்சுவார்த்தையில் நாற்காலி கிடைக்கும்.

2012 செப்டம்பரில் பல பிராண்டு சில்லறை விற்பனையில் 51 சதவீதம் வரை அந்நிய முதலீட்டுக்கு மத்திய அரசு அனுமதி தந்தது. முடிவை மாநிலங்களிடம் விட்டார்கள். தமிழ்நாடு வேண்டாம் என்றது. அனுமதியும் முதலில் பத்து லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள நகரங்களை வைத்தே எழுதப்பட்டிருந்தது. 2011 கணக்கெடுப்பில் சேலம் மாநகராட்சியின் மக்கள்தொகை சுமார் 8 லட்சத்து 29 ஆயிரம். ஆனால் இந்திய நிறுவனங்களுக்கு அந்த வேலி எதுவும் கிடையாது. அதனால் ‘வெளிநாட்டுக் கம்பெனி வரவில்லையே’ என்ற ஆறுதலால் தெருவில் ஒன்றும் மாறவில்லை. வண்டிக்காரரின் கையில் உள்ள ஆயுதம் வேறு: தெருவோர வியாபாரிகள் (வாழ்வாதாரப் பாதுகாப்பு மற்றும் தெரு வியாபார ஒழுங்குமுறை) சட்டம், 2014. அந்த ஆண்டு மே 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. தமிழ்நாட்டுக்கான விதிகளும் திட்டமும் 2015இல் வந்தன.

கணக்கெடுப்பில் பெயர் வருவது

சட்டத்தின் அச்சாணி மூன்றாம் பிரிவு. ஐந்து ஆண்டுக்கு ஒருமுறையாவது எல்லா வியாபாரிகளையும் கணக்கெடுக்க வேண்டும். கணக்கெடுப்பு முடிந்து விற்பனைச் சான்றிதழ் கொடுக்கும்வரை யாரையும் வெளியேற்றவோ இடம் மாற்றவோ கூடாது. வார்டு, மண்டலம் அல்லது நகரத்தின் மக்கள்தொகையில் 2.5 சதவீதம் வரை வியாபாரிகளுக்கு இடம் கொடுக்க வேண்டும். 2011 மக்கள்தொகையை வைத்துப் பார்த்தால் சேலத்துக்கு அது ஏறக்குறைய 20,700 பேர். ‘இந்த ஊருக்கு இவ்வளவு வண்டி ஜாஸ்தி’ என்று யாராவது சொன்னால், இந்த எண்ணைச் சொல்லி, பட்டியலில் இப்போது எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று திருப்பிக் கேட்கலாம்.

கணக்கெடுப்பில் விட்டுப்போவதற்குப் பொதுவான காரணம் நேரம். காலை பதினொரு மணிக்கு ஆள் வந்தால் காய்கறி, பூ, பழம் விற்பவர்கள் இருப்பார்கள். தட்டுவடை செட், சில்லி காளான், மிளகாய் பஜ்ஜி எல்லாம் மாலை நான்கு மணிக்கு மேல்தான் வரும். ஒரே பத்தடி இடத்தில் காலையில் ஒருவர், மாலையில் இன்னொருவர் நிற்பது சேலத்தில் சாதாரணம். நேரம் பகிர்ந்து விற்பதைச் சட்டமும் ஏற்கிறது. ஆனால் படிவத்தில் ‘மாலை 4 முதல் இரவு 10 வரை’ என்று எழுதாவிட்டால் இரண்டாவது ஆள் காகிதத்தில் இருக்கவே மாட்டார்.

இரண்டாவது காரணம் பருவம். ஏப்ரல் முதல் ஜூன் வரை சாலையோரம் முழுக்க மாம்பழம்: பெங்களூரா, செந்தூரா, இமாம்பசந்த், மல்கோவா, குண்டு, நடுசாலை. ஆடியில் கோட்டை மாரியம்மன் திருவிழாவுக்கென்றே கடை போடுகிறவர்கள் உண்டு. நவம்பரில் கணக்கெடுத்தால் இவர்கள் யாருமே இல்லை. இப்படிப்பட்டவர்கள் ‘பருவகால வியாபாரி, இந்த இடம், இந்த மாதங்கள்’ என்று மாநகராட்சி ஆணையருக்கு மனு எழுதி ஒப்புகைச் சீட்டு வாங்கி வைக்க வேண்டும். மனுவின் நகலில் தேதி முத்திரை விழாவிட்டால் அந்த மனு கொடுத்ததாகவே ஆகாது. நேரில் முத்திரை போட மறுத்தால் விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) அனுப்பி, போய்ச் சேர்ந்ததற்கான அத்தாட்சியை வாங்கி வைத்தால் போதும்.

மூன்றாவது, வண்டியில் அன்றைக்கு நின்றவரின் பெயர். கணவர் லீ பஜாருக்குச் சரக்கு எடுக்கப் போயிருப்பார், மனைவி வண்டியில் இருப்பார், அல்லது நேர்மாறாக. யார் பெயரில் சான்றிதழ் வர வேண்டும் என்பதைக் குடும்பம் முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும். 14 வயது நிரம்பியவர் பெயரில் வாங்கலாம். தானோ குடும்பத்தாரோதான் வியாபாரம் செய்வோம், வேறு பிழைப்பு இல்லை, யாருக்கும் மாற்றியோ வாடகைக்கோ விடமாட்டோம் என்று உறுதிமொழி கொடுக்க வேண்டும். சான்றிதழ்காரர் இறந்துபோனாலோ நிரந்தரமாக முடங்கினாலோ, சான்றிதழ் காலம் முடியும்வரை துணைவரோ சார்ந்திருக்கும் பிள்ளையோ தொடரலாம். பெண் தனியாக நடத்தும் வண்டி என்றால் அவர் பெயரிலேயே இருப்பது நல்லது. கணவர் பெயரில் இருந்து, அவர் குடும்பத்தை விட்டுப் போய்விட்டால், வண்டி தள்ளுகிறவர் கையில் காகிதம் இருக்காது.

எது ஆதாரம்

ஒரே இடத்தில் பல வருடம் நின்றதைக் காட்டப் பெரிய ஆவணம் வேண்டியதில்லை. சின்னச் சின்னத் துண்டுகள் நிறைய வேண்டும்.

தினசரி சுங்கம் வசூலிக்கும் இடமானால் அந்தச் சீட்டுதான் முதல் ஆதாரம். குத்தகைக்காரரின் ஆள் காசு மட்டும் வாங்கிக்கொண்டு சீட்டு தராமல் போனால் இரண்டு நஷ்டம்: விதித்த தொகைக்கு மேல் வாங்கியதா என்று தெரியாது, நின்றதற்கும் அத்தாட்சி இல்லை. சீட்டு வாங்குங்கள். மாதத்துக்கு நாலு சீட்டை எடுத்து வைத்தால் போதும். வெயிலில் மங்கும் தாளாக இருந்தால் அன்றே போனில் படம் எடுத்துவிட வேண்டும். மூன்று மாதத்தில் எழுத்தே இருக்காது.

அபராத ரசீதைக் கோபத்தில் கிழித்துப் போடுகிறவர்கள் அதிகம். கிழிக்காதீர்கள். ‘2019இல் இந்த இடத்தில் கடை போட்டதற்கு அபராதம்’ என்று அரசு ஆளே எழுதிக் கொடுத்த தாள் அது. இருந்ததற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

புகைப்படம் எடுக்கும்போது வண்டியை மட்டும் எடுத்தால் பயனில்லை. பின்னணியில் மின்கம்ப எண், பக்கத்துக் கடையின் பெயர்ப்பலகை, கோயில் வாசல், ஏதாவது ஒன்று தெரிய வேண்டும். கம்ப எண் இருந்தால் இன்னும் நல்லது, கடைப் பலகைகள் மாறினாலும் கம்பம் பெரும்பாலும் அங்கேயே இருக்கும். வருடத்துக்கு இரண்டு முறை, ஒரு முறை பகலிலும் ஒரு முறை வியாபார நேரத்திலும் எடுங்கள். போனை மாற்றும்போது படங்கள் போய்விடும், அதனால் பிரிண்ட் போட்டுப் பின்னால் தேதி எழுதி வையுங்கள்.

மொத்த வியாபாரியின் பில், எடைத்தராசின் முத்திரைச் சான்று, உணவுப் பாதுகாப்புப் பதிவு, வங்கிக் கணக்கில் கடைப் பெயரோடு வரும் யூ.பி.ஐ. பணம், இவையெல்லாம் சேரும். மின்னணுத் தராசுக்கு ஆண்டுக்கு ஒருமுறை முத்திரை போட வேண்டும். எடைக்கற்களுக்கு இரண்டு ஆண்டு. முத்திரை காலாவதியான தராசு வைத்திருப்பது, எதிர்த்தரப்பின் கையில் நாமே ஒரு காரணத்தைக் கொடுப்பது.

எடுக்கச் சொல்லி வரும்போது

சான்றிதழ் வைத்திருப்பவரை இடம் மாற்ற வேண்டுமென்றால் 30 நாள் அறிவிப்பு கட்டாயம் (பிரிவு 18). வாய்மொழியாக ‘நாளைக்கு எடுத்துடுங்க’ என்பது அறிவிப்பு ஆகாது. எழுத்தில் கேளுங்கள், யார் உத்தரவு, எந்தத் தேதி, மாற்று இடம் எது என்று. அறிவிப்புக் காலம் முடிந்தும் நகராவிட்டால் நாளொன்றுக்கு 250 ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம், வண்டியை அப்புறப்படுத்தலாம். இதையும் தெரிந்துகொண்டுதான் பேச வேண்டும்.

சரக்கைப் பறிமுதல் செய்தால், என்னென்ன எடுத்தார்கள் என்ற பட்டியலை அங்கேயே எழுதி, பொறுப்பு அலுவலர் கையெழுத்திட்டு ஒரு பிரதி தர வேண்டும். பிரிவு 19 இதைச் சொல்கிறது. கெட்டுப்போகும் பொருளை உரிமை கோரிய அன்றே, கெடாத பொருளை இரண்டு வேலை நாளுக்குள் திருப்பித் தர வேண்டும். விதித்த கட்டணம் கட்ட வேண்டியிருக்கும். நடைமுறையில் தவறுவது எங்கே? பட்டியலில். ‘காய்கறி, ஒரு வண்டி’ என்று ஒரே வரியில் எழுதிவிடுவார்கள். தக்காளி 18 கிலோ, தராசு ஒன்று (அதன் வரிசை எண்ணோடு), எரிவாயு சிலிண்டர் ஒன்று, தட்டுவடை டின் இரண்டு என்று பிரித்து எழுதச் சொல்லுங்கள். எழுதாவிட்டால் ஒருவர் வாயால் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போக, இன்னொருவர் வீடியோ எடுக்கட்டும். எடுப்பவர் ஐந்தடி தள்ளி நிற்பது நல்லது. வண்டியைப் பிடித்து இழுப்பது, கையைத் தட்டிவிடுவது எல்லாம் அரசு ஊழியரின் பணியைத் தடுத்ததாக வழக்காகிவிடும். அப்புறம் பேச்சு இடத்தைப் பற்றி இருக்காது, ஜாமீனைப் பற்றித்தான் இருக்கும்.

எடுப்பதற்குச் சொல்லும் காரணங்களையும் சட்டத்தோடு உரசிப் பார்க்க வேண்டும். முதலாம் அட்டவணை சில விஷயங்களைத் தெளிவாகச் சொல்கிறது. கணக்கெடுப்பு முடியாமல் எந்தப் பகுதியையும் ‘விற்பனை தடைசெய்யப்பட்ட பகுதி’ என்று அறிவிக்கக் கூடாது. ஏற்கெனவே உள்ள சந்தையையோ இயல்பாக உருவான சந்தையையோ அப்படி அறிவிக்கக் கூடாது. கூட்டம் அதிகம் என்பது மட்டுமே காரணமாக இருக்க முடியாது. குப்பை என்பதும் தனிக் காரணமாகாது, அந்தக் குப்பை முழுக்க வியாபாரிகளால்தான், வேறு வழியில் சரிசெய்யவே முடியாது என்றால் தவிர. இரண்டாம் அட்டவணையில் இன்னும் கனமான வரிகள் உண்டு. ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் வியாபாரம் நடக்கும் இயல்பான சந்தையைப் பாரம்பரியச் சந்தையாக அறிவிக்க வேண்டும், அங்குள்ளவர்களை இடம் மாற்றவே கூடாது. புதிய கட்டுமானத் திட்டத்தால் உருவாகும் வியாபார வாய்ப்பில், அதனால் இடம்பெயர்ந்த வியாபாரிகளுக்கு இடம் தர வேண்டும். கண்ணாடிக் கடைகள் ஏலத்துக்கு வரும்போது முதலில் எடுத்துக் காட்ட வேண்டிய வரி இதுதான். சின்னக்கடை வீதி, ஆற்றோரம், செவ்வாய்ப்பேட்டை மாதிரி பழைய வியாபாரத் தெருக்களில் நிற்பவர்கள், தாத்தா காலத்துப் படம், பழைய செய்தித்தாள், பழைய ரசீது எதையும் தூக்கிப் போடாமல் இருப்பது அந்த ஐம்பது ஆண்டுக் கணக்குக்காக.

‘தற்காலிகமாக’ எடுக்கும்போது ஒப்புக்கொள்வதில் தவறில்லை. வேலை நடக்காமல் சாலை எப்படிச் சரியாகும்? ஆனால் எடுப்பதற்கு முன் நான்கு விஷயம் காகிதத்தில் வர வேண்டும்: யார் யார் என்ற பெயர்ப் பட்டியல், அதுவரைக்கும் நிற்கும் இடம், திரும்பி வரும் தேதி, திரும்பியபின் கட்ட வேண்டிய கட்டணம். நான்காவதை யாரும் கேட்பதில்லை. திரும்பி வரலாம் என்பார்கள், வாடகை பத்து மடங்காக இருக்கும். பட்டியலில் பெயர் கூடுவதையும் கவனியுங்கள். முப்பது பேர் நின்ற இடத்துக்கு நாற்பத்தைந்து பெயர் வந்தால் பதினைந்து பெயர் எங்கிருந்தோ முளைத்தவை. மாற்று இடத்தில் அவர்களுக்கும் பங்கு போகும்.

எங்கே முறையிடுவது என்பதில் பலர் குழம்புகிறார்கள். முதலில் ஆணையருக்கு எழுத்து மனு. சூரமங்கலம், அஸ்தம்பட்டி, அம்மாபேட்டை, கொண்டலாம்பட்டி என்று நான்கு மண்டலம் இருப்பதால் மண்டல அலுவலகத்துக்கும் ஒரு நகல். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் கூட்டத்தில் பதிவு செய்தால் மனு எண் கிடைக்கும், பின்தொடர அது உதவும். பிரிவு 20இன்படி உரிமையியல் நீதிபதி அல்லது நீதித்துறை நடுவராக இருந்தவர் தலைமையில் ஒரு குறைதீர்க் குழு இருக்க வேண்டும். வழக்கு என்று போனால் சேலத்துக்குச் சென்னை உயர்நீதிமன்றம்தான். பெண்களும் பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச வழக்கறிஞர் கேட்கலாம். தனியாள் போகாமல் அதே தெருவில் பத்துப் பேர் சேர்ந்து போவது செலவையும் பயத்தையும் குறைக்கும். தெருவில் வியாபாரம் செய்வது, நியாயமான கட்டுப்பாட்டுக்கு உட்பட்டு, அரசியலமைப்பின் 19(1)(ஜி) தரும் உரிமை என்று உச்ச நீதிமன்றம் சோதன் சிங் வழக்கில் 1989இலேயே சொல்லிவிட்டது.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு பத்து ரூபாய்ச் செலவு இருக்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு. பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, மாநகராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்பலாம். ‘எங்களை ஏன் எடுக்கிறீர்கள்’ என்று கேட்டால் பதில் வராது, அது தகவல் அல்ல. கேட்க வேண்டியவை இவை: கடைசிக் கணக்கெடுப்பு நடந்த தேதி, எங்கள் வார்டின் வியாபாரிகள் பட்டியல், நகர விற்பனைக் குழு கடைசியாகக் கூடிய மூன்று கூட்டங்களின் நடவடிக்கைக் குறிப்பு, விற்பனை அனுமதி மற்றும் தடைப் பகுதிகளின் வரைபடம், இந்தச் சாலைப் பணியின் தீர்மான எண், புதிய கடைகளுக்கான ஒதுக்கீட்டு விதி, சுங்க வசூல் குத்தகையின் கட்டண அட்டவணை. 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு.

நகர விற்பனைக் குழுவைச் சாதாரணக் கமிட்டி என்று நினைத்துவிட வேண்டாம். ஆணையர் தலைவர், உறுப்பினர்களில் குறைந்தது 40 சதவீதம் வியாபாரிகள், அவர்களுக்குள் தேர்தல் வைத்துத் தேர்ந்தெடுத்தவர்கள், அதில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். எந்த இடத்தில் விற்கலாம், யாருக்குச் சான்றிதழ் என்பதெல்லாம் இதன் வழியாகத்தான் போகிறது. அதே மேசையில் போக்குவரத்துக் காவல்துறை, திட்டமிடல் அதிகாரிகள், கடைக்காரர் சங்கம், குடியிருப்போர் சங்கம், வங்கி என்று எல்லோரும் இருப்பார்கள். வியாபாரிகள் தரப்பில் வண்டியே இல்லாத ஒரு ‘தலைவர்’ போய் உட்கார்ந்துவிட்டால் நாற்பது சதவீதம் இருந்தும் பயனில்லை. காய்கறி, உணவு, துணி, பூ, நடமாடும் வண்டி என்று வகைக்கு ஒருவராவது வேட்பாளராக வேண்டும். இவர்களின் சிக்கல்கள் ஒன்றல்ல: பூக்காரருக்கு விடியற்காலை நான்கு மணிக்கு வெளிச்சம் வேண்டும், உணவு வண்டிக்குத் தண்ணீரும் கழிவுநீர் வழியும் வேண்டும்.

இலவச வண்டி, இலவசக் குடை

இடத்தைப் பிடிக்க இன்னொரு மென்மையான வழி உண்டு. நிறுவனத்தின் பெயர் போட்ட வண்டி, குடை, காபி மெஷின், ஐஸ்கிரீம் பெட்டி எல்லாம் இலவசம், கையெழுத்துப் போட்டால் போதும் என்று வருவார்கள். எல்லாமே மோசம் என்று சொல்ல மாட்டோம். வெயிலுக்குக் குடை வாங்கிக்கொள்வதில் குற்றமில்லை. ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டியது: வண்டி யார் சொத்து, மாதத்துக்குக் குறைந்தபட்சம் எவ்வளவு சரக்கு எடுத்தாக வேண்டும், எடுக்காவிட்டால் அபராதமா, வேறு சரக்கு விற்கத் தடை உண்டா, வைப்புத்தொகை எப்போது திரும்பும், மெஷின் பழுதானால் யார் செலவு, வெளியேற எத்தனை நாள் முன்னறிவிப்பு. ஆங்கிலத்தில் மட்டும் தந்தால் தமிழ்ப் பிரதி கேளுங்கள், இல்லாவிட்டால் கையெழுத்து வேண்டாம்.

முக்கியமான ஆபத்து சட்டத்தில்தான். சான்றிதழ் உங்கள் பெயரில், வியாபாரம் அவர்களுடையது, உங்களுக்குத் தினக்கூலி என்று ஆகிவிட்டால், நீங்கள் கொடுத்த உறுதிமொழியை நீங்களே மீறியவர் ஆகிறீர்கள். சான்றிதழை ரத்து செய்ய அது போதும். அதேபோல, பணம் உள்ள ஒருவர் பத்து வண்டி வாங்கிப் பத்துப் பேர் பெயரில் அட்டை வாங்கி நடத்துவதையும் தெருவில் எல்லோரும் பார்த்திருப்பார்கள். அதைக் கண்டுகொள்ளாமல் விட்டால், நாளைக்கு ‘இவங்க எல்லாம் ஏழை வியாபாரியா?’ என்ற கேள்வியில் உண்மையானவர்களும் அடிபடுவார்கள்.

தண்டல் கணக்கு

இடம் இருந்தும் வியாபாரம் கைமாறுவது கடனால். தண்டலில் 10,000 ரூபாய் என்றால் கையில் வருவது 8,500, தினம் 100 வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். ‘வெறும் பதினஞ்சு வட்டி’ போலத் தெரியும். ஆனால் அசல் தினமும் குறைந்துகொண்டே வருவதால் சராசரியாகப் பாதிப் பணம்தான் நம் கையில் இருந்திருக்கும். அப்படிப் பார்த்தால் நூறு நாளுக்கு ஏறக்குறைய 35 சதவீதம், வருடத்துக்கு நூறு சதவீதத்தைத் தாண்டும். காலையில் 900 வாங்கி மாலையில் 1,000 தருவது இன்னும் மோசம். தண்டல், கந்து வட்டி, மீட்டர் வட்டி எல்லாவற்றையும் தடைசெய்யும் தமிழ்நாட்டுச் சட்டம் 2003இலிருந்து இருக்கிறது.

மாற்று, தெரு வியாபாரிகளுக்கான மத்திய அரசின் கடன் திட்டமான பி.எம். ஸ்வநிதி. 2020 ஜூனில் தொடங்கியபோது 10,000, 20,000, 50,000 என மூன்று தவணைக் கடன். 2025இல் முதல் இரண்டையும் 15,000, 25,000 என்று உயர்த்தி 2030 மார்ச் வரை நீட்டித்தார்கள். பிணை கிடையாது, ஒழுங்காகக் கட்டினால் 7 சதவீதம் வட்டி மானியம். விற்பனைச் சான்றிதழோ அடையாள அட்டையோ இல்லாதவர் மாநகராட்சியிடம் பரிந்துரைக் கடிதம் வாங்கி விண்ணப்பிக்கலாம். அந்தக் கடிதமும் கடன் கணக்கும் பிறகு இடத்துக்கான ஆதாரக் கட்டில் சேரும், அதனாலேயே பணம் தேவையில்லாதவர்கூட முதல் கடனை வாங்கிக் கட்டுவது நல்லது.

விண்ணப்பம் நிற்பது பெரும்பாலும் சின்ன விஷயத்தில்: ஆதாரில் பழைய போன் எண், ஆதாரிலும் பாஸ்புக்கிலும் இனிஷியல் மாறியிருப்பது, பல வருடம் தொடாத கணக்கு முடங்கியிருப்பது, மகளிர் குழுக்கடனில் வேறு யாரோ கட்டாத தவணை நம் பெயரில் பாக்கியாக நிற்பது. இந்த நான்கையும் சரிசெய்துவிட்டுப் போனால் ஒரு நடையில் முடியும். வண்டியில் ஒட்டும் க்யூ.ஆர். தாள் சொந்தக் கணக்குக்குத்தான் போக வேண்டும். மருமகன் கணக்கு, பக்கத்துக் கடைக்காரர் கணக்கு என்று வைத்தால் வியாபாரத்தின் அத்தாட்சி அவர் பெயரில் சேரும்.

சரக்கும் விலையும்

25 கிலோ தக்காளிப் பெட்டி 500 ரூபாய் என்றால் கிலோ 20 என்று கணக்குப் போடக் கூடாது. இரண்டரை கிலோ நசுங்கியது, சொத்தை என்று போகும். வண்டிக்கூலியில் பெட்டிக்கு 30 ரூபாய் பங்கு. 530ஐ 22.5ஆல் வகுத்தால் 23 ரூபாய் 55 காசு. இது தெரியாமல் செயலியின் தள்ளுபடி விலையைப் பார்த்து 24க்கு இறங்கினால் கிலோவுக்கு 45 காசுதான் மிஞ்சும். அவர்கள் தக்காளியில் நஷ்டப்பட்டு பிஸ்கெட்டில் எடுத்துக்கொள்வார்கள். வண்டியில் பிஸ்கெட் இல்லை. கிலோ விலையில் மோதாமல் கூறு போடுவதுதான் சரி. நசுங்கத் தொடங்கியதை மாலைக்கு முன் ரசக் கூறாக, சாம்பாருக்குக் கத்தரி, முருங்கை, கேரட் கலந்த கூறாகப் போட்டால் கழிவு பாதியாகும்.

ஐந்து பேர் சேர்ந்து குட்டியானை பிடித்து ஆத்தூர் தாண்டி தலைவாசல் சந்தைக்குப் போனால் கூலி பிரியும். சண்டை வருவது பிரிக்கும்போது. பெட்டியின் மேலே நல்ல பழம், அடியில் சொத்தை. பெட்டிக் கணக்கில் பிரிக்காமல் கொட்டி எடைக் கணக்கில் பிரியுங்கள். பங்கு போடுகிறவர் கடைசியாக எடுக்கட்டும், அந்த முறை தினம் ஒருவருக்கு மாறட்டும். பணம் முதல் நாள் இரவே வர வேண்டும். கடன் சொல்கிற ஒருவரால் இந்த ஏற்பாடு பத்தே நாளில் உடைந்துபோகும்.

உணவு டெலிவரி செயலியில் சேர்வதா? 120 ரூபாய் ஆர்டருக்குக் கமிஷன் 25 சதவீதம் என்று வைத்தால் 30, அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 5.40, டப்பாவும் பையும் 8. கையில் நிற்பது 76.60. நேரில் விற்கும் விலையிலேயே செயலியிலும் போட்டால் சரக்குச் செலவு போக ஒன்றும் தேறாது. செட்டை அனுப்பித்தான் ஆக வேண்டுமென்றால் தட்டுவடை தனி, காய் தனி, சட்னி தனி என்று கட்டிக் கொடுப்பது ஒன்றே வழி.

சுத்தம் பற்றி நீளமாகச் சொல்லத் தேவையில்லை, ஆனால் அகற்றக் கோரும் மனுக்களில் முதல் சொல் அதுதான். துருவிய காயில் முன்கூட்டியே உப்புப் போடாதீர்கள், தண்ணீர் விட்டு நமுக்கும். புதினாச் சட்னிப் பாத்திரத்தை ஐஸ் தட்டில் வையுங்கள், நான்கு மணி நேரத்துக்குமேல் ஓட்டாதீர்கள். மழைக்காலத்தில் தட்டுவடையைச் சின்னச் சின்ன டின்களில் பிரித்து, ஒரு டின் முடிந்தபின் அடுத்ததைத் திறங்கள். மூடியுள்ள குப்பைத்தொட்டி, இரவு கிளம்பும்போது கூட்டிய நடைபாதை.

சேர்வராயன் மலையிலிருந்து ஆரஞ்சு, பலா, மிளகு, பட்டர் ஃப்ரூட் கொண்டுவந்து சேலத்தில் விற்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வீடு மலையில் இருந்தாலும், விற்கும் இடம் மாநகராட்சி எல்லைக்குள் இருந்தால் கடன் திட்டத்தில் சேரலாம். கணக்கெடுப்பிலும் பெயர் கேட்கலாம். மலையிலேயே, ஏற்காடு ஏரிக்கரையில் பஜ்ஜி போடுகிறவர் நிலை வேறு. 2014 சட்டம் நகரங்களுக்காக எழுதப்பட்டது. ஊராட்சி எல்லையில் அது அப்படியே பொருந்தாது. அங்கே ஊராட்சித் தீர்மானமும் கட்டண ரசீதும்தான் கையில் இருக்க வேண்டியவை. மே மாதக் கோடை விழாவுக்குத் தற்காலிகக் கடைகள் பிரிக்கும் முன்பே, ஆண்டு முழுதும் நிற்பவர்களின் பட்டியலை எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.

கடைசியாக, இவ்வளவு காகிதத்தையும் எங்கே வைப்பது? பலர் வண்டியின் கல்லாப் பெட்டிக்கு அடியில் வைக்கிறார்கள். பறிமுதலில் முதலில் போவது வண்டிதான், அதோடு காகிதமும் போகும். அசல் வீட்டில், ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறையில். ஒரு நகல் வேறு தெருவில் இருக்கும் உறவினர் வீட்டில். வண்டியில் அடையாள அட்டையின் லேமினேட் செய்த நகலும், பிரிவு 18, 19 அச்சிட்ட ஒரு தாளும் இருந்தால் போதும். லேமினேட் செய்வது நகலை மட்டும். அசல் சான்றிதழை லேமினேட் செய்தால் புதுப்பிக்கும்போது அதில் முத்திரை பதியாது.